எந்த ஆஷா அசல்?

ஒரே பாடகி. நான்கு வருட இடைவெளியில் இரண்டு எல்.பி. ரெக்கார்டுகள். ஒன்று, 1972-ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஆர்னெட் கோல்மனின் 'சயன்ஸ் ஃபிக்‌ஷன்'. இன்னொன்று, அதே நிறுவனம் சி.பி.எஸ். என்ற பெயரில் 1976-ல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த 'தி டெவில் இஸ் லூஸ்'. முதல் ரெக்கார்டில், தாளம் கைகொடுக்காத ஒரு வெட்டவெளியில் ஆஷா புத்லி பாடுகிறார். சுற்றிலும் இரண்டு டிரம்பெட், இரண்டு சாக்ஸபோன், இரண்டு டிரம் செட். அடுத்ததில், காலைத் தட்ட வைக்கும் பாஸ் கிட்டாருக்கு மேலே, கிட்டத்தட்ட மூச்சாலேயே பாடுகிறார்.

முதலாவதைக் கேட்டு அவரைத் தலையில் தூக்கி வைத்தவர்களில் பலருக்கு இரண்டாவது ஒரு சறுக்கல். இரண்டாவதுக்கு ஆடியே வளர்ந்தவர்களுக்கு முதலாவது தலைவலி. இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. ஓயவிடாமல் பார்த்துக்கொள்வது மறுவெளியீடுகள். 2022-ல் பிரிட்டனின் மிஸ்டர் போங்கோ 'தி எசென்ஷியல் ஆஷா புத்லி' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. மறுவருடமே அமெரிக்காவிலிருந்து நயா பீட் நிறுவனம், அவருடைய பாடல்களின் ரீமிக்ஸ்களை 'டிஸ்கோ மிஸ்டிக்' என்ற பெயரில் வெளியிட்டது. 2024-ல், எழுபத்தொன்பது வயதில், கிளாஸ்டன்பரி திருவிழா மேடையிலும் அவர் பாடினார். எந்த ஆஷாவைக் கேட்கக் கூட்டம் வந்தது என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், இரண்டாவது ஆஷாவைத்தான்.

பம்பாயிலிருந்து

1945-ல் பம்பாயில் பிறந்தவர். இந்துஸ்தானி இசையும் கற்றார், மேற்கத்திய ஆபராவும் கற்றார், நடனமும் ஆடினார். அந்தக் காலத்து பம்பாயில் ஜாஸ் என்பது கோவா இசைக்கலைஞர்களின் பிழைப்பு. இரவில் ஓட்டல்களில் வாசிப்பார்கள்; பகலில் இந்தி சினிமாவின் ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல குடும்பத்துப் பெண் அந்த மேடையேறுவது என்பது வேறு விஷயம். வேத் மேத்தா எழுதி 1970-ல் வெளிவந்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் இந்தியா' புத்தகத்தில் பம்பாய் ஜாஸ் பற்றிய பகுதியில் இந்த இளம் பாடகி வருகிறார். அதற்குள் அவர் விமானப் பணிப்பெண்ணாகி, மார்த்தா கிரஹாம் நடனப் பள்ளியின் உதவித்தொகையோடு நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிட்டத்தட்ட அதே சமயம் நம் சென்னையில் இன்னொருவர் மேடையேறிக்கொண்டிருந்தார். மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்றொரு இரவு விடுதி. 1969-ல் அங்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடிய உஷா ஐயர்தான் பிறகு உஷா உதுப். உஷா இங்கேயே இருந்தார். சினிமா அவரை எடுத்துக்கொண்டது. நாம் எல்லோரும் அவரை அறிவோம். ஆஷா போனார், நாம் அவரை அறியவில்லை. இரண்டு பேருடைய குரலில் எது பெரியது என்ற கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரெக்கார்டு எந்த ஊர்க் கடைக்கு வந்தது என்பதுதான் விஷயம்.

நியூயார்க்கில் ஜான் ஹேமண்ட் காதில் ஆஷாவின் குரல் விழுந்தது. பில்லி ஹாலிடேயையும் அரீதா ஃபிராங்க்ளினையும் பாப் டிலனையும் அடையாளம் கண்ட மனிதர். அவர் வழியாகத்தான் கோல்மனிடம் போனார். கோல்மன் 1959-லேயே ஜாஸின் சுருதி வரம்புகளைக் கலைத்துப் போட்டவர். 1971 செப்டம்பரில் நடந்த ஒலிப்பதிவில் 'வாட் ரீசன் குட் ஐ கிவ்', 'ஆல் மை லைஃப்' என்று இரண்டே பாட்டுகள் இவருக்கு.

அந்த முதல் பாட்டை ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும். ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மெட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு போகின்றன. கீழே இரண்டு டிரம்காரர்கள் வேறு ஏதோ அவசரத்தில் இருக்கிறார்கள். ஆஷாவின் குரல் அந்த ஊதுகருவிகளோடு ஒட்டியும் ஒட்டாமலும் நகர்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் அவர் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு போய் உட்காருகிறார். ஆலாபனையில் தாளம் இல்லாமல் நிற்கப் பழகிய தொண்டைக்குத்தான் அது வரும். மேற்கத்திய விமர்சகர்கள் அதை விசித்திர அழகு என்று எழுதினார்கள். நமக்கு அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. 'மீண்ட்' என்ற அந்த வழுக்கலும் கார்வையும் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஃபங்க் வந்தது

அதோடு அவர் ஜாஸிலேயே இருந்திருந்தால் கதை வேறு. அவர் இருக்கவில்லை. 1973-ல் லண்டனில் 'ஆஷா புத்லி' என்று அவர் பெயரிலேயே முதல் ஆல்பம். தயாரிப்பு டெல் நியூமன். அதே வருடம் வந்த எல்டன் ஜானின் 'குட்பை யெல்லோ பிரிக் ரோடு' ஆல்பத்தில் வயலின் கோஷ்டிக்கு இசைக்கோர்ப்பு எழுதியவர். ஆஷா இதில் ஜே.ஜே. கேலின் பாட்டையும் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஐ டிக் லவ்'வையும் எடுத்துப் பாடுகிறார். ஹாரிசன் பாடியபோது அது ஒரு சாதாரணப் பாட்டு. ஆஷா அதைக் குறும்பும் சிணுங்கலும் மூச்சிரைப்புமாக வேறு ஏதோ ஒன்றாக மாற்றிவிட்டார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான். 'ஆர்னெட்டோடு பாடியவர் இப்படிக் கொஞ்சலாமா?'

பிறகு 'ஷி லவ்ஸ் டு ஹியர் தி மியூசிக்'. அதற்குப் பிறகு, ஜெர்மானியத் தயாரிப்பாளர் டீட்டர் ஸிம்மர்மனோடு 'தி டெவில் இஸ் லூஸ்'. அதில் 'ஃப்ளையிங் ஃபிஷ்', 'ஸ்பேஸ் டாக்' என்ற பாட்டுகள். டிஸ்கோ என்று ஒரு வார்த்தையில் சொல்லி ஒதுக்கிவிடலாம், பலர் ஒதுக்கினார்கள். ஆனால் டிஸ்கோ பாடகிகள் பொதுவாகத் தொண்டையைத் திறந்து கத்துவார்கள். இவர் குரலைக் குறைக்கிறார். சொற்களின் கடைசியில் மூச்சை விட்டுவிடுகிறார். அந்த மூச்சும் சுருதியில் இருக்கிறது. பாஸ் கிட்டாரும் வயலின்களும் பாட்டை நடத்திக்கொண்டு போக, அவர் சற்றுப் பின்தங்கி, தாளத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறார். 1971-ல் கோல்மனோடு வழுக்கிப் போன அதே குரல், அதே வித்தை. கீழே இருக்கும் வண்டிதான் வேறு.

ஜாஸ் தூய்மைவாதிகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். நீங்கள் தேடும் ஆஷா அந்த ரெக்கார்டிலும் இருக்கிறார். டிரம்மின் சத்தத்தைப் பார்த்து வாசலிலேயே திரும்பிவிட்டீர்கள். மறுபக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாமே பொக்கிஷம் என்பதும் பொய். 1980-ஐ ஒட்டி வந்த '1001 நைட்ஸ் ஆஃப் லவ்' காலத்துப் பாட்டுகளில் பாதி, அன்றைய சந்தைக்குச் செய்த சரக்கு.

முழுதாக ஓடிய பாட்டு

'ஸ்பேஸ் டாக்' பெரிய ஹிட் ஆகவில்லை. அதைக் காப்பாற்றியது நியூயார்க்கில் ஒரு வீடு. டேவிட் மன்குஸோ 1970-ல் தன் வீட்டிலேயே, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும், 'தி லாஃப்ட்' என்ற நடன விருந்துகளைத் தொடங்கினார். விலை உயர்ந்த ஒலிக்கருவிகள், நேர்த்தியான ஊசி, மது விற்பனை கிடையாது. நாளடைவில் மிக்ஸரையே தூக்கிப் போட்டுவிட்டார். ஒரு பாட்டை வைத்தால் முதலிலிருந்து கடைசிவரை ஓட வேண்டும். பாதியில் அடுத்ததைக் கலக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் 'ஸ்பேஸ் டாக்' ஒரு நிரந்தர விருந்தாளி ஆனது.

இரண்டாவது வாழ்க்கை 1997-ல். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்ட பதினாறாம் நாள் வெளியான 'லைஃப் ஆஃப்டர் டெத்' ஆல்பத்தில் ஒரு பாட்டு, 'ஸ்பேஸ் டாக்'கின் ஒரு துண்டை எடுத்து அதன் மேல் ராப் பாடுகிறது. லட்சக்கணக்கில் விற்ற ஆல்பம். அந்தத் துண்டு யாருடையது என்று தேடிப் போனவர்கள்தான் பழைய ரெக்கார்டுகளின் விலையை ஏற்றிவிட்டவர்கள். மறுவெளியீட்டுக்குச் சந்தை உருவானது அங்கே.

ஆக, இன்று ஆஷாவின் ரசிகர்கள் குறைந்தது மூன்று வாசல் வழியாக வந்தவர்கள்: கோல்மனைக் கேட்டு வந்தவர்கள், நடன அரங்கிலிருந்து வந்தவர்கள், ராப் பாட்டின் வேரைத் தேடி வந்தவர்கள். ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் விருந்தாளி என்கிறார்கள்.

மறுவெளியீட்டில் என்ன தகராறு?

வெளியிலிருந்து பார்த்தால் சில்லறைச் சண்டை மாதிரி இருக்கும். உள்ளே போனால் அப்படி இல்லை.

முதல் தகராறு, எதிலிருந்து எடுத்தார்கள் என்பது. ஒரு பழைய ஆல்பத்தைத் திரும்ப அச்சிட அசல் மாஸ்டர் டேப் வேண்டும். அது பெரிய நிறுவனத்தின் கிடங்கில் இருக்கும். சி.பி.எஸ்.ஸின் பழைய சொத்தெல்லாம் இப்போது சோனியின் கையில். சின்ன நிறுவனங்கள் உரிமம் வாங்கி, டேப்பையோ அதன் டிஜிட்டல் நகலையோ பெற்று அச்சிடுகின்றன. டேப் கிடைக்காத இடத்தில் சிலர் சுத்தமான ஒரு பழைய ரெக்கார்டை ஓடவிட்டு அதிலிருந்தே பதிவு செய்துகொள்வார்கள். கள்ளப் பதிப்புக்காரர்களின் வழக்கம் அது. மூச்சாலேயே பாடும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. ரெக்கார்டின் கரகரப்பை நீக்கும் மென்பொருள், கொஞ்சம் அதிகமாகப் போனால் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஒலியை எங்கும் ஒரே உரப்பாக ஏற்றினால், அவர் குரலைத் தாழ்த்தும் இடமும் உயர்த்தும் இடமும் ஒன்றாகிவிடும். பழைய ஜெர்மன் அச்சுதான் வேண்டும் என்று காசைக் கொட்டுபவர்களை நான் கிறுக்கர்கள் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தகராறு, தொகுப்பா முழு ஆல்பமா? 'எசென்ஷியல்' மாதிரித் தொகுப்புகள் புதியவர்களுக்கு நல்ல வாசல் என்பது ஒரு கட்சி. நியாயம்தான். ஆனால் தொகுப்பு போடுபவர் யார்? பெரும்பாலும் ஒரு டி.ஜே. அவர் காதுக்கு ஆடக்கூடியதுதான் தங்கம். மெதுவான பாட்டுகள், சொதப்பிய சோதனைகள், டெல் நியூமன் காலத்து வயலின் வழிசல்கள் எல்லாம் விழுந்துவிடும். ஒரு பாடகி எங்கே போக முயன்று எங்கே வழி தவறினார் என்பது அந்த விழுந்த பாட்டுகளில்தான் தெரியும். என் ஓட்டு முழு ஆல்பத்துக்கு, மோசமான பாட்டுகளோடு.

ரீமிக்ஸ் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. ஆஷாவே உயிரோடு இருந்து, சம்மதித்து நடக்கும் வேலை அது. வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? பாட்டை வெட்டி ஒட்டுவதே பாவம் என்றால் 1997-ன் அந்த ராப் பாட்டும் பாவம், அது இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை. இருந்தாலும், முழுதாகப் பாட்டை ஓடவிட்ட ஒரு மனிதரின் வீட்டில் பெயர் வாங்கிய பாட்டை, துண்டு துண்டாகக் கேட்கும்போது ஏதோ உறுத்துகிறது.

காசு பற்றியும் சொல்ல வேண்டும், அதைத்தான் ரசிகர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய அசல் ரெக்கார்டை ஒரு சேகரிப்பாளர் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பாடகிக்கு ஒரு பைசா போகாது. கள்ளப் பதிப்பிலும் அப்படித்தான். உரிமம் வாங்கிய மறுவெளியீட்டில்தான் ஏதாவது போக வழியுண்டு. அசல் அச்சு, அசல் அச்சு என்று மார்தட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இத்தாலியும் ஒரு சிசிலிக் கதையும்

ஆஷாவை ஜாஸா டிஸ்கோவா என்று கேட்காமல் அப்படியே ஏற்றுக்கொண்ட நாடுகளில் இத்தாலியும் ஒன்று. 1979-ல் புரூனோ கொர்புச்சி இயக்கிய 'ஸ்குவாத்ரா ஆன்டிகேங்ஸ்டர்ஸ்' என்ற போலீஸ் மசாலாப் படத்தில் தாமஸ் மிலியானோடு நடித்தார். படத்துக்கு இசை, திகில் படங்களுக்குப் பெயர்போன கோப்ளின் குழு. 'தி சவுண்ட் ஆஃப் மணி' என்ற பாட்டை அதில் ஆஷா பாடினார். கோல்மன், ஹாரிசன் பாட்டு, கோப்ளின் என்று ஒரே பத்தாண்டுக்குள் இப்படி ஒரு பயணம் போன இந்தியக் குரல் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அதே காலத்தில் 'லிந்தியானா' என்ற ஆல்பமும் வந்தது.

அந்த நாட்டின் தென்கோடியில், சிசிலித் தீவில், பலெர்மோ. ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர். பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கும் சாந்தா ரோசாலியா குகைக் கோயிலுக்கு, இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாகத் தமிழர்கள் நடந்தே ஏறும் ஊர். 1970 ஜூலையில் அங்கே 'பலெர்மோ பாப்' என்றொரு பெரிய திருவிழா நடந்தது. டியூக் எலிங்டனுக்கும் அங்கே மேடை. துணியைக் கழற்றிப் போலீஸில் மாட்டிய ராக் பாடகர் ஆர்தர் பிரவுனுக்கும் அங்கே மேடை. ஜாஸுக்குத் தனிப் பந்தி போடவில்லை. நான்கு வருடம் கழித்து இக்னாசியோ கார்சியா என்ற பியானோ கலைஞர் அங்கே தொடங்கிய பிராஸ் குரூப், இன்று கூரையில்லாத பழைய ஸ்பாசிமோ தேவாலய வளாகத்தில் ஜாஸை வளர்க்கிறது.

சிசிலியை இங்கே இழுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகின் முதல் ஜாஸ் ரெக்கார்டு 1917-ல் வந்தது. வாசித்தது வெள்ளையர் ஐவர் குழு. தலைவர் நிக் லரோக்கா, நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பெற்றோர் பலெர்மோவுக்குத் தென்மேற்கே, திராபனி மாகாணத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள். ஜாஸைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று லரோக்கா கடைசிவரை சாதித்தார். கறுப்பின மேதை பட்டி போல்டன் அவருக்கு முன்பே ஊரைக் கலக்கியவர். ஆனால் போல்டன் வாசித்ததில் ஒரு நொடிகூட நமக்குப் பதிவாக மிஞ்சவில்லை. கையில் தட்டு இருந்தவர் பேசினார், வரலாறு பல காலம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுவெளியீட்டுக்கும் அதே அதிகாரம் உண்டு. எதைத் திரும்ப அச்சிடுகிறார்களோ, அதை வைத்துத்தான் அடுத்த தலைமுறை ஆஷா யார் என்று முடிவு செய்யும்.

ஹெர்பியும் ராஜாவும்

ஜாஸை விட்டு ஆட்டப் பாட்டுக்குப் போய்விட்டார் என்ற சங்கடம் ஆஷாவுக்கு மட்டும் வந்ததல்ல. மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக், 1978-ல் 'சன்லைட்' ஆல்பத்தில் வோகோடர் என்ற கருவி வழியாகத் தானே பாட ஆரம்பித்தார். குரல் வளம் இல்லாதவர், கீபோர்டைத் தொண்டையாக்கிக்கொண்டார். 'ஐ தாட் இட் வாஸ் யூ' பிரிட்டனில் முதல் இருபதுக்குள் வந்தது. ஜாஸ் உலகம் தலையில் அடித்துக்கொண்டது. 2013-ல் அவருடைய கொலம்பியா ஆல்பங்கள் அத்தனையும் 34 குறுந்தட்டுகளாக ஒரே பெட்டியில் வந்தபோது, 'ஹெட் ஹன்டர்ஸ்' பக்கத்திலேயே 'சன்லைட்'டும் உட்கார்ந்திருந்தது. ஆஷாவுக்கு அப்படியொரு பெட்டி கிடைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

போலந்தின் ஊர்சுலா துட்ஜியாக் இன்னொருவர். சொற்களே இல்லாமல் தொண்டையை வாத்தியமாக்கி 1970-களில் பாடிய 'பபாயா', முப்பது வருடம் கழித்து பிலிப்பைன்ஸில் ஊரே ஆடும் ஆட்டமானது.

நம் வீட்டுக் கதையும் இதேதான். இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் டிஸ்கோ, சிந்தசைசர் பாட்டுகளை 'சொல்லச் சொல்ல' என்று தொகுத்து வெளியிட்டது பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம். இங்கே ராஜா என்றால் 'ஹவ் டு நேம் இட்', கிராமியம், மேற்கத்திய சிம்பொனி என்று பட்டியல் போடும் நாம், அந்த மூன்று நிமிடக் குத்தாட்டப் பாட்டுகளின் பாஸ் கிட்டாரைக் கவனித்தது வெளியூர்க்காரன் வந்து சொன்ன பிறகுதான். 'ராஜாவின் உண்மையான இசை இதுவா' என்று நம்மில் சிலர் இப்போதும் கேட்கிறார்கள். ஆஷாவின் ஜாஸ் ரசிகர்கள் கேட்பதும் அதைத்தான், வேறு மொழியில்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் அறுபது வருடம். 'தி டெவில் இஸ் லூஸ்' 2036 முடியும்வரை உரிமையாளர் கையில். அதுவரை இங்கே யாராவது உரிமம் வாங்கி, இந்திய அச்சில், எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவருவார்களா? சரிகமா மாதிரி நிறுவனங்கள் பழைய சினிமாப் பாட்டையே மறுபடி மறுபடி பெட்டிக்குள் வைத்து விற்றுக்கொண்டிருக்கும் ஊரில், நம்பிக்கை குறைவு.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'ஸ்பேஸ் டாக்'கில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முதலில் 'வாட் ரீசன் குட் ஐ கிவ்'. உடனே, இடைவெளி விடாமல், 1973-ன் 'ஐ டிக் லவ்'. அதிர்ச்சியாக இருக்கும், இருக்கட்டும். அப்புறம் 'தி டெவில் இஸ் லூஸ்', முதல் பக்கம் முழுக்க, பிறகு தட்டைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும். நடுவில் ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்றாலும் ஊசியைத் தூக்க வேண்டாம்.